ஒரு பிள்ளையைக் காப்பாற்றிய சீட்

1

என் இடது கையில் இருந்த பல் தடத்தைப் பார்த்து, நாய் கடித்ததா என்று கேட்டார் எங்கள் கிடங்கின் மேலாளர். இல்லை, தம்பி பெண்டாட்டி என்றேன். அவர் சிரிக்கவில்லை. இந்த நாட்டில் வேலையிடத்தில் எவர் உடம்பில் எந்தக் காயத்தைப் பார்த்தாலும் உடனே ஒரு படிவம் நிரப்பியாக வேண்டும். எங்கே பட்டது, எப்படிப் பட்டது, மறுபடி படாமல் இருக்க என்ன ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்று அதில் வரிசையாகக் கேள்விகள். தம்பி பெண்டாட்டிக்கு ஆங்கிலத்தில் தனி வார்த்தை கிடையாது. அவளும் சகோதரிதான், பின்னால் ஒரு வால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். மேலாளர் வாலை விட்டுவிட்டு, சகோதரி கடித்ததாக எழுதிக்கொண்டார். மறுபடி கடிக்காமல் இருக்க என்ன ஏற்பாடு என்றார். நடுவில் இரண்டு கடல் இருக்கிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ஆக்லாந்துக்குத் தெற்கே, மாட்டுப் பண்ணைகள் தொடங்குகிற இடத்தில் உள்ள கார் உடைக்கும் கிடங்கு அது. திருவனந்தபுரத்தில் எம்.காம். படித்துவிட்டு வந்தவளுக்குக் கிடைத்த வேலை. அடிபட்ட கார்கள் வந்து இறங்கும். பையன்கள் எஞ்சினையும் கதவையும் பிரித்தெடுப்பார்கள். எது எவ்வளவுக்குப் போனது என்று நான் கணினியில் ஏற்றுவேன். ஆனால் காருக்குள் குழந்தை சீட் இருந்தால் அது என் மேசைக்கு வந்துவிடும். ஆறடி உயரமும் கையெல்லாம் பச்சை குத்தலுமாக இருக்கிற அந்தத் தடியன்களுக்கு அதைத் தொடப் பயம்.

எனக்குப் பயம் இல்லை. கத்தியை எடுத்து முதலில் தோள் வார்களை அறுப்பேன். பிறகு துணியைக் கிழிப்பேன். கடைசியில் பிளாஸ்டிக் ஓட்டைக் கவிழ்த்துப் போட்டுச் சுத்தியலால் விளாசுவேன். ஒரு மோதலைத் தாங்கிய சீட் இன்னொரு மோதலைத் தாங்காது. வெளியே புத்தம் புதிதாக இருக்கும். உள்ளே தெர்மோகோல் நொறுங்கியிருக்கும், ஓடு விட்டுப்போயிருக்கும். கையில் காசில்லாத யாரோ ஒருவர் குப்பையிலிருந்து அதை எடுத்துப்போய்த் தன் பிள்ளையை அதில் உட்கார வைத்துவிடக் கூடாது. அதனால் நாங்களே அதைக் கொன்றுவிடுகிறோம். சில சீட்டுகளின் மடிப்பில் பிஸ்கட் தூள் இருக்கும். சிலவற்றில் வேறு கறை இருக்கும். அதைப் பற்றி நான் வீட்டில்கூடப் பேசுவதில்லை.

இந்தக் கையோடுதான் போன வருடம் ஊருக்குப் போனேன்.

2

என் தம்பி தாணு திருவனந்தபுரத்தில், கரமனையில் இருக்கிறான். அக்ரஹாரத் தெருக்களுக்குப் பின்னால், ஆற்றுக்கு இறங்குகிற சந்தில் எங்கள் வீடு. நாஞ்சில் நாட்டிலிருந்து சாலை என்கிற பெரிய கடைத்தெருவுக்குக் கணக்கெழுத வந்த குடும்பம் நாங்கள். தாணுவும் சாலையில் ஒரு துணிக்கடையில் அதையேதான் செய்கிறான், ஏட்டுக்குப் பதில் கணினியில். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, நாற்பது வயதை ஒட்டித்தான் அவனுக்குக் கல்யாணமே ஆயிற்று. பெண்டாட்டி பெயர் உமா. நாகர்கோவில் வடசேரிக்காரி. அவளுக்குத் தாய் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது.

ஐந்தாம் மாதம் பிள்ளையை அப்பன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் குடும்பத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. தாய் வீட்டு வாசலில் அத்தைக்காரி பிள்ளையின் கையில் தங்கக் காப்புப் போட்டு மடியில் வாங்குவாள். அப்பன் வீட்டு வாசல் வரும்வரை பிள்ளை அந்த மடியை விட்டு இறங்கக் கூடாது. எனக்குக் கூடப்பிறந்தவன் ஒருவன், அவனுக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்தி. வேறு அத்தை கிடையாது. விமான டிக்கெட் எடுத்துவிட்டுத் தாணுவைக் கூப்பிட்டேன்.

"வாறேன். ஆனா கார்ல பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு வரமாட்டேன். அதுக்குன்னு சீட் இருக்கு, அதுலதான் வரும்."

"என்னக்கா சொல்லுக? நாகர்கோவில்லேருந்து இங்க ரெண்டு மணிக்கூர். இதுக்குப் போயி சீட்டா?"

"ரெண்டு நிமிஷத்துலயும் சாவலாம்லே."

"அறம் பாடாதக்கா. அப்பாக்க ஸ்கூட்டர்ல முன்னால நின்னுதானே நாம வளந்தோம்? செத்தா போனோம்?"

"செத்துப்போன பிள்ள வந்து உங்கிட்ட வழக்குப் பேசாது."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வண்டி மோதினால் மடியில் இருக்கும் பிள்ளையை எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது என்றும், பெல்ட் போடாத என் உடம்பே முன்னால் பாய்ந்து அதை நசுக்கிக் கொன்றுவிடும் என்றும் சொன்னேன். பச்சைப் பிள்ளையின் அப்பனிடம் இப்படிப் பேசுவார்களா என்று கேட்டால், இதைவிட நயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தினமும் பார்க்கிறவளுக்கு நயம் போய்விடும்.

"செரி, நான் வாங்குகேன்" என்றான் கடைசியில். "நீ அங்கேருந்து கொண்டுவராண்டாம். எனக்க பிள்ளைக்கு நான் வாங்குவேன்."

அவன் சம்பளம் எனக்குத் தெரியும். கப் வைக்க இடம், தலைக்கு மெத்தை எதுவும் வேண்டாம், விலை குறைந்த சாதாரண சீட்டே போதும், பெல்ட் ஒழுங்காகப் பூட்டினால் சரி என்றேன். "ஆனா, என்ன ஏதுன்னு தெரியாத பழசு மட்டும் வாங்கிராத" என்றும் சொன்னேன். இந்த வார்த்தைக்காக நான் என்னை எத்தனை முறை நொந்துகொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். பழசே வாங்காதே என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாத பழசு என்றேன். அவன் எல்லாம் தெரிந்துகொண்டு ஒரு பழசை வாங்கினான்.

3

வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது அந்தச் சீட்தான். முன்னறையில் மணைப்பலகை போட்டு அதன்மேல் வைத்திருந்தான். சந்தனம், குங்குமம், பிச்சிப்பூச் சரம். பெல்ட் பூட்டில் ஒரு எலுமிச்சம்பழம்கூடக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். வெளிநாட்டுச் சாமான், அடர் நீலத் துணி, துவைத்து வெயிலில் காயப்போட்ட வாசனை. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் குனிந்தேன்.

"எப்படி இருக்கு? கொள்ளாமா?" என்றான் தாணு. முகமெல்லாம் பல்.

நான் துணியை உருவினேன். பூச்சரம் அறுந்து விழுந்தது. உள்ளே தெர்மோகோலில் தலை வைக்கும் இடத்திலிருந்து கீழே வரைக்கும் ஒரு பிளவு. ஓட்டில் காரின் பெல்ட் நுழைகிற இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்து, நரம்பு நரம்பாகக் கோடு விட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே சொல்லிவிடுவேன்.

"இது ஆக்சிடென்ட்ல அடிபட்ட சீட்டுலே."

"ஆமா" என்றான் தாணு. "அதனாலதானே வாங்கினேன்."

அவன் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனான். துபாயிலிருந்து திரும்பி வந்த குடும்பமாம். லாரி பின்னாலிருந்து ஏறி வண்டி அப்பளமாகிவிட்டதாம். இந்தச் சீட்டிலிருந்த பிள்ளைக்கு மட்டும் ஒரு கீறல் இல்லையாம். பழைய வண்டி பிரிக்கிற பட்டறைக்காரர் சொன்னாராம். "ஒரு பிள்ளைய காப்பாத்தின சீட்டுக்கா. இத மாதிரி ராசியான சாதனம் புதுசா எங்க கிடைக்கும்? கடையில இருக்கது எந்தப் பிள்ளைய காப்பாத்திச்சு, சொல்லு பாப்போம்?"

இந்த உலகத்தில் இதை என் தம்பியால் மட்டும்தான் யோசிக்க முடியும் என்று அப்போது நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், எங்கள் சந்தில் எல்லாரும் அப்படித்தான் வாங்குவார்கள். நல்ல பிரசவம் ஆன வீட்டுச் சேலையைக் கேட்டு வாங்கிக் கர்ப்பிணிக்குக் கட்டுகிறவர்கள். பாஸான பையனின் பேனாவைப் பரீட்சைக்குக் கடன் வாங்குகிறவர்கள். அவன் யாரையும் ஏமாற்றவில்லை, யாரிடமும் ஏமாறவுமில்லை. பட்டறைக்காரர் உண்மையைச் சொன்னார், இவன் அந்த உண்மைக்கு ஆசைப்பட்டான்.

"அது தன் உயிரக் குடுத்து ஒரு பிள்ளைய காப்பாத்தியாச்சு. இனி அதுல ஒண்ணும் இல்ல. வெறும் டப்பா" என்றேன்.

"உனக்கு எல்லாம் குத்தம்தான். வெளிநாட்டுக்குப் போனா எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கணும். வா, அவருகிட்டயே கேளு" என்றான்.

4

மறுநாள் காலை அந்தப் பட்டறைக்குப் போனோம். பாப்பனங்கோடு தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது. துரு வாசனை, டீசல் வாசனை. என் வேலையிடத்தைத் தூக்கிக்கொண்டுவந்து இங்கே வைத்தது போல் இருந்தது. பட்டறைக்காரர் சுனில் நல்ல மனிதர். எங்களுக்குச் சாயா சொன்னார். அந்தக் கார் இன்னும் அங்கேயே கிடந்தது.

பின் பக்கம் என்று ஒன்று இல்லை. டிக்கி பின் சீட்டுக்குள் வந்திருந்தது. கண்ணாடித் துண்டுகள் மெத்தைக்குள் பதிந்திருந்தன. இடது பக்கம் குழந்தை சீட் இருந்த இடத்தில் மட்டும் ஒரு கூடை அளவு இடம் மிச்சமிருந்தது. வலது பக்கம் முன் சீட்டின் முதுகு வளைந்து உடைந்திருந்தது. பின்னாலிருந்து யாரோ அதன்மேல் போய் மோதியிருக்கிறார்கள். அந்த உறையின் நிறம் மாறியிருந்தது. எந்த ஊர்க் காரானாலும் அந்த நிறம் ஒன்றுதான்.

"பக்கத்துல யாரு இருந்தது?" என்று கேட்டேன்.

சுனில் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். "ஆ கொச்சின்றெ அம்மா. பெல்ட் இட்டிருந்நில்லா சேச்சி" என்றார்.

அந்தக் குழந்தையின் தாய். பெல்ட் போட்டிருக்கவில்லை. தாணு என்னைப் பார்க்காமல் ரப்பர் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அதைக் கேட்கவே இல்லை. பிள்ளை பிழைத்தது என்றதும் அவனுக்குக் காது அடைத்துப்போயிருக்கிறது.

வீடு வந்ததும் மனசு மாறியிருப்பான் என்று நினைத்தேன். அவன் நேரே உள்ளே போனான். சீட்டுக்குத் துணியை மாட்டினான். அறுந்த பூவைத் திரும்பச் சுற்றினான். தூக்கிக்கொண்டு வெளியே, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற தன் பழைய காருக்கு நடந்தான்.

"தாணு, கீழ வை."

"அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல்லல்லா. நாளை கழிஞ்சு போணும். வேற எங்கேருந்து வாங்க? நீ வெறுதே பேசாத."

புழக்கடையில் தேங்காய் வெட்டுகிற வெட்டுக்கத்தி இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். அவன் காருக்குள் குனிந்து சீட்டை வைத்துக்கொண்டிருந்தான். வாரைப் பிடித்து இழுத்துச் சீட்டைத் தெருவில் தள்ளினேன். முதல் வெட்டிலேயே தோள் வார் ஒன்று துண்டாயிற்று. அடுத்தது ஓட்டில் விழுந்தது. அது கிடங்கில் கேட்கிற அதே சத்தம். ஐம்பது வயதை நெருங்குகிற ஒரு பொம்பளை, சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, சந்தனம் குங்குமம் வைத்த ஒரு சாமானை நடுத்தெருவில் வெட்டிப் பிளக்கிறாள். இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. அது எதுவும் என் கண்ணில் படவில்லை. நல்லா வேணும், நல்லா வேணும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வெட்டினேன்.

தாணு பின்னாலிருந்து என் கொண்டையைப் பிடித்து இழுத்தான். கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினேன். அறைந்தான். சின்ன வயதிலிருந்து என்னைத் தொட்டுக்கூடச் சண்டை போடாதவன். என் இன்னொரு கையில் சீட்டின் தலைப்பக்க ஓடு இருந்தது, அதாலேயே திருப்பி அடித்தேன். அவன் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் ஒழுகிற்று. பக்கத்து வீட்டு மாமி, "அய்யோ கொல்றா, கொல்றா" என்று கூவினாள். அவன் என் கழுத்தைப் பிடித்துக் காரோடு சேர்த்து அழுத்தினான். மூச்சு நின்றுவிட்டது. அவன் கண்ணுக்கு நான் யாரென்று தெரியவில்லை. அடுத்த நிமிஷம் கையை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

"இதுக்கு வேண்டி எத்தன நாளு பஸ்ஸுல ஏறாம நடந்திருக்கேன் தெரியுமா? உனக்கு எல்லாம் எளுப்பம். வந்து வெட்டிட்டு பிளேன் ஏறிப் போயிருவ" என்றான்.

எனக்குத் தொண்டை வீங்கிப்போயிருந்தது. பேச முடியாததே நல்லதாயிற்று. பேசியிருந்தால் இன்னும் மோசமாக ஏதாவது சொல்லியிருப்பேன். உள்ளே போய் என் பெட்டியைத் திறந்தேன். பிள்ளைக்குப் போடக் கொண்டுவந்த காப்பு இரண்டும் ஒரு டப்பாவில் இருந்தன. அத்தை போடுகிற காப்பு. அதை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். கையிருப்பை டிக்கெட்டே தின்றிருந்தது. காப்பை நகைக்கடையில் விற்றுவிட்டு, கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு குழந்தைச் சாமான் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த புதுச் சீட்டை வாங்கினேன். சாம்பல் நிறம், ஒரு அலங்காரமும் இல்லை. பெட்டியை நானே பிரித்தேன், ஒவ்வொரு இணைப்பையும் நானே தடவிப் பார்த்தேன். அதில் எந்தப் பிள்ளையும் இதற்கு முன் உட்காரவில்லை, எந்தப் பிள்ளையையும் அது காப்பாற்றவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

5

சீட்டை மாட்டப் போனால் தாணுவின் காரில் பின் பெல்ட்டைக் காணோம். இருக்கிறது, ஆனால் அதன் பூட்டு மூன்றும் ரெக்ஸின் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. சீட் உறை போடுகிறவர்கள் அதன் மேலேயே இழுத்துத் தைத்துவிடுவார்கள். யாரும் கேட்பதில்லை, எவருக்கும் அது தேவைப்பட்டதே இல்லை. கத்தியைக் கொண்டுவந்து உறையைக் கிழித்தேன். வீங்கின உதட்டோடு தாணு வாசலில் நின்று பார்த்தான். "அதையும் கீறு" என்றான். கீறினேன்.

நாகர்கோவிலில் உமாவின் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். தாணுவின் வாயைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளையை நான் வாங்குகிற நேரம் வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாருடைய கண்ணும் என் கைக்கு வந்தது. என் கையில் ஒன்றும் இல்லை.

"காப்பு?" என்றாள் அந்த அம்மா.

"காரில இருக்கு" என்றேன்.

அவர்கள் காரை எட்டிப் பார்த்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கூண்டு, அதுவும் பின்பக்கம் பார்த்தபடி. உமாவின் அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. "வெளிநாட்டுலேருந்து வந்த அத்தக்காரி பிளாஸ்டிக் கொண்டாந்திருக்கா பாத்தியளா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். உமாவின் முகம் செத்துப்போயிற்று. தாணு தலையைக் குனிந்துகொண்டான். அவன் என்னை இரண்டாவது முறை அடித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

வாசலில் பிள்ளையை மடியில் வாங்கினேன். பால் வாசனையும் வசம்பு வாசனையும். என் அம்மாவின் அதே நெற்றி. அதை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. எல்லாரும் சிரிப்பார்கள், எல்லாருக்கும் சந்தோஷம், ரோடு எப்போதும் போலத்தானே இருக்கும். பிள்ளையைச் சீட்டில் படுக்கவைத்து வாரை இழுத்தேன். பூட்டு விழுந்தது. உமாவையும் பெல்ட் போடச் சொன்னேன். போடவில்லை.

களியக்காவிளை வரைக்கும் பிள்ளை தூங்கிற்று. அதன் பிறகு அழ ஆரம்பித்தது. பாறசாலையில் வண்டியை ஓரம் கட்டி, உமா எடுத்துப் பால் கொடுத்தாள். திரும்ப உள்ளே வைத்ததும் முன்னைவிடப் பெரிதாகக் கத்திற்று. ராகு காலத்துக்கு முன்னால் வீட்டுக்குள் ஏற வேண்டும் என்று தாணு இனி நிறுத்தமாட்டேன் என்றுவிட்டான். பிள்ளையின் முகம் செக்கச்செவேல் என்று ஆகி, குரல் கம்மி, மூச்சை இழுத்து இழுத்து அழுதது.

"மைனி, எடுக்கேன்" என்றாள் உமா.

"வண்டி நிக்கட்டும், எடு. ஓடும்போ கூடாது."

"செத்துப் போயிரும் மைனி, நீலம் பாயுது."

"அழுதா சாவாது."

"உங்களுக்கு ஈரமே இல்லியா?"

அவள் கை பூட்டுக்கு வந்தது. நான் என் கையை அதன்மேல் வைத்து மூடினேன். விரலைப் பிரிக்கப் பார்த்தாள். நகத்தால் பிறாண்டினாள். நான் எடுக்கவில்லை. நெய்யாற்றின்கரையில் நெரிசல். எதிரே வருகிற பஸ்ஸெல்லாம் எங்கள்மேல் ஏறுகிறாற்போல் வந்து, ஒரு சாண் இடைவெளியில் விலகிப் போயிற்று. தாணு ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. "குடுத்துருக்கா, பிள்ளைய அவகிட்ட குடுத்துரு" என்று கத்தினான். "ரோட்டப் பாத்து ஓட்டுலே" என்று நானும் கத்தினேன். உமா என் தோளில் குத்தினாள். முடியைப் பிடித்தாள். பிறகு குனிந்து என் கையில் பல்லைப் பதித்தாள். எலும்பு வரைக்கும் போயிற்று. ரத்தம் பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் சொட்டிற்று. அப்போதும் நான் கையை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவளைக் கழுத்தை நெரித்துக் கொன்றிருப்பேன், இன்னொரு கை அவள் பக்கத்தில் இருந்திருந்தால். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை. அவளும் என்னைக் கொன்றிருப்பாள். ஒரே பிள்ளைக்காக இரண்டு பேரும்.

பாலராமபுரம் தாண்டியதும் பிள்ளை அழுது களைத்துத் தூங்கிப்போயிற்று. உமா என் கையை விட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

6

ஒன்றும் நடக்கவில்லை. லாரி மோதவில்லை. பிரேக்கைக்கூட ஓங்கி மிதிக்கவில்லை. கரமனையில் வண்டி நின்றது, பிள்ளையை எடுத்தேன், ஆரத்தி சுற்றினார்கள், உள்ளே போனோம்.

என் கஷ்டமே அதுதான். ஏதாவது நடந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அப்படி நடக்கக் கூடாது என்றுதானே இத்தனையும் செய்தேன். ஒன்றும் நடக்காத ரோட்டில் ஒரு பிள்ளையை அழவிட்ட ராட்சசி என்றுதான் எனக்குப் பெயர் மிஞ்சியது. அந்தப் பட்டறையில் கிடந்த காரை உமா பார்க்கவில்லை. தாணு அவளிடம் சொன்னதாகவும் தெரியவில்லை.

ராத்திரி என் மகன் ஆக்லாந்திலிருந்து போன் திரையில் வந்தான். பதினைந்து வயது. அவனுக்குத் தமிழ் புரியும், வாயில் பாதிதான் வரும். என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா, மாமாவை ஹிட் பண்ணியா? அங்க போலீஸ் வராதா?" என்றான். மாமா என்னையும் அடித்தான் என்றேன். "ஏன் யாரும் ஸாரி சொல்லல?" என்றான். ஸாரி சொன்னால் நாங்கள் அந்நியராகிவிடுவோம் என்று இவனுக்கு எப்படி விளக்குவது? "தூங்கு" என்றேன். அங்கே விடிந்துவிட்டது என்றான்.

அவன் பிறந்தபோது நடந்ததை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிற நாள். இரவல் வாங்கிய சீட்டில் அவனை வைத்துக்கொண்டு வந்தோம். நர்ஸ் கார் வரைக்கும் இறங்கி வந்து, வார் தளர்ந்திருக்கிறது, அவிழ்த்துத் திரும்பப் போடு என்றாள். மழை. பிள்ளை வீல் என்று கத்துகிறான். எனக்குத் தையல் போட்ட இடம் தெறிக்கிறது. என் பிள்ளையை என் மடியில் வைக்காதே என்று சொல்ல இந்த வெள்ளைக்காரி யார் என்று இருந்தது. அவள் கையைக் கடிக்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உமாவுக்குத் தைரியம் இருந்தது.

நான் கிளம்புகிற அன்று உமா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. தாணு ஏர்போர்ட் வரைக்கும் வந்து, பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, "கைய பாத்துக்கோ" என்றான். "உதட்ட பாத்துக்கோ" என்றேன். அதன் பிறகு அவன் அனுப்புகிற புகைப்படங்களில் பிள்ளை பாயில் இருக்கும், தொட்டிலில் இருக்கும், ஒரு படத்தில் சாம்பல் நிறச் சீட்டை முன்னறையில் போட்டு அதில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தது. காருக்குள் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், வராவிட்டால் பொய் வரும்.

கிடங்கில் ஒவ்வொரு சீட்டை வெட்டும்போதும் அந்தத் தோசைப் படம் நினைவுக்கு வந்து, கத்தி ஆழமாக இறங்கிற்று.

7

போன வாரம் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம். ஊரில் விடிகாலை. உமாவின் பெயரில் வீடியோ அழைப்பு வந்தது. அந்த நாளுக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. தாணுவுக்கு ஏதோ என்று டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு எடுத்தேன்.

திரையில் முதலில் ஒரு குண்டுக் கால் தெரிந்தது. பிறகு உமாவின் முகம். காரின் பின் சீட்டில் இருந்தாள். வியர்த்து, பூ கசங்கி, பட்டுச்சேலை தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

"மைனி, பிள்ள வளந்துட்டா. தோள் வாரு அமுக்குது. மேல இன்னொரு ஓட்ட இருக்கு. அதுல மாட்டலாமா, கூடாதா?"

"தோளக் காட்டு."

காட்டினாள். பின்னால் பார்க்கிற சீட்டில் வார் தோளுக்குச் சரியாகவோ ஒரு விரல் கீழேயோ இருக்க வேண்டும், மேலே போகக் கூடாது. பிள்ளை இப்போது அடுத்த ஓட்டைக்கு வந்துவிட்டாள். "மாட்டு" என்றேன். "சீட்ட வெளிய எடுத்து, பின்னால வழியா உருவி மாட்டணும். நேரம் ஆவும்."

"ஆவட்டு" என்றாள்.

அப்போது பக்கத்திலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. "முகூர்த்தம் போயிரும்ட்டி. இங்க தா பிள்ளைய, நான் மடியில வச்சுக்கிடுகேன். இந்தா இருக்க எடத்துக்குப் போறதுக்கு இத்தன பாடா? உனக்க நாத்தூன் போட்ட சூனியம்." முன்னாலிருந்து தாணு ஹாரனை அடித்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை. யார் கையோ பிள்ளையின் பூட்டுக்கு வந்தது. பட்டென்று ஒரு அடி விழுந்தது. திரை ஆடிற்று. அந்த அடி அம்மாவின் கையிலா தாணுவின் கையிலா என்று எனக்குத் தெரியவில்லை.

"தொட்டா கைய ஒடிச்சிருவேன்" என்றாள் உமா. இந்தக் குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. "இன்னொரு மட்டம் ஹாரன் அடிச்சா சாவியப் பிடுங்கி ஆத்துல எறிஞ்சிருவேன், சொல்லிட்டேன். பட்டறைக்கு என்னைக் கூட்டிட்டுப் போயி அந்த வண்டியக் காட்டினது நீங்கதானே? இப்பம் என்ன அவசரம்?"

ஹாரன் நின்றது.

அவள் போனை எங்கோ சாய்த்து வைத்தாள். எனக்குக் காரின் கூரை மட்டும்தான் தெரிந்தது. சீட்டை இறக்குகிற சத்தம், வார் உருவுகிற சத்தம், பிள்ளை சிணுங்குவது. என் டப்பாவில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பூட்டு விழுந்தது.

"இறுக்கிப் பாரு. ரெண்டு விரலால வாரக் கிள்ளிப் பாரு, கிள்ள வரக்கூடாது" என்றேன் கூரையைப் பார்த்து.

"கிள்ள வரல்ல."

"செரி."

அவள் போனைக் கையில் எடுத்தாள். பிள்ளை அழத் தொடங்கியிருந்தது. உமா அழுகையைப் பொருட்படுத்தவில்லை. "அம்மா, நீயும் பெல்ட்ட போடு" என்றாள். "எனக்கு எதுக்குட்டி?" என்றாள் அந்த அம்மா. "போட்டாத்தான் வண்டி எடுக்கும்." முணுமுணுப்பு. ஒரு சொடுக்கு. பிறகு உமா தன்னுடையதை இழுத்துப் போட்டுக்கொண்டது எனக்குத் திரையிலேயே தெரிந்தது. பிறகும் அவள் முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பவில்லை. நானும் திரையில் தெரியாத தம்பிக்காகக் காத்திருந்தேன்.

முன்னாலிருந்து ஒரு சொடுக்கு கேட்டது.

"செரி மைனி, வைக்கட்டா" என்றாள் உமா.